கண்ட ரயில் ஏன் மெதுவாகத் தெரிகிறது?

மாங்குளத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "இவ்வளவு பெரிய கோச்சி ஹோர்ன் அடிச்சுக்கொண்டு வருகுது. அது தெரியாமல் எப்பிடிச் சனம் கடவைக்குள்ள போய் மாட்டுப்படுது? எல்லாம் இந்தப் போனாலதானே?"

போனும் ஒரு காரணம்தான். காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு தண்டவாளத்தில் நடப்பது ஆபத்து என்று விளக்க விஞ்ஞானம் தேவையில்லை. ஆனால் கையில் போன் இல்லாத, இரண்டு பக்கமும் பார்த்த ஆட்களும் அடிபடுகிறார்கள். ரயிலைக் கண்டபிறகும் "கடந்துவிடலாம்" என்று கணித்தவர்கள் அவர்கள். அந்தக் கணிப்பு எங்கே பிழைக்கிறது?

ரயிலின் முகப்பு 3 மீற்றர் அகலம், வேகம் மணிக்கு 80 கிலோமீற்றர் என்று வைப்போம். 1 கிலோமீற்றர் தூரத்தில் அந்த முகப்பு நம் கண்ணுக்கு முழுநிலவின் அகலத்தில் மூன்றிலொரு பங்காகத்தான் தெரியும். அரைக் கிலோமீற்றர் வந்ததும் மூன்றில் இரண்டு பங்கு. அதற்கு 22 செக்கன்கள் செல்லும். அவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டு நின்றாலும் கண்ணில் கூடியது நிலவின் மூன்றிலொரு பங்கு அகலம் மட்டுமே. பிறகு தூரம் பாதியாகும் ஒவ்வொரு முறையும் உருவம் இரட்டிக்கும், அதற்கு எடுக்கும் நேரமோ பாதியாகும்: 11 செக்கன், ஐந்தரைச் செக்கன், மூன்றுக்கும் குறைவு. வேகம் கொஞ்சமும் மாறவில்லை. ஆனாலும் நீண்ட நேரம் அசையாமல் நின்ற ஒன்று திடீரென்று பாய்ந்து வந்ததுபோல இருக்கும். தப்பியவர்கள் "எங்கிருந்து வந்ததெண்டே தெரியேல்லை" என்று சொல்வது உண்மையான வாக்குமூலம்.

இழுவைப் பெட்டி பூட்டிய லாண்ட்மாஸ்டர் என்ற இரண்டு சில்லு உழவு இயந்திரம் தண்டவாளத்தை முழுதாகத் தாண்டப் பல செக்கன்கள் வேண்டும். ஆகவே ரயில் சில நூறு மீற்றர் தள்ளி வரும்போதே முடிவெடுத்தாக வேண்டும். கண் மிகக் குறைவாகச் சொல்லும் கட்டமும் அதுதான். பக்கவாட்டில் ஓடும் பொருளின் வேகத்தைக் கண் நன்றாகப் பிடிக்கும். கடவையருகில் நிற்பவருக்கோ ரயில் ஏறத்தாழ நேர்முகமாக வருகிறது. பக்கவாட்டு அசைவு மிகச் சொற்பம், உருவம் பெருப்பது மட்டுமே தகவல்.

இதற்கு மேலே இன்னொரு மயக்கமும் உண்டு. பெரிய விமானம் தரையிறங்கும்போது சிறிய விமானத்தைவிட மெதுவாக வருவதுபோலத் தெரியும், வேகம் கூடுதலாக இருந்தாலும். ரயிலும் அப்படித்தான் ஏமாற்றுகிறது என்று அமெரிக்க உளவியலாளர் ஹேர்ஷல் லைபோவிட்ஸ் 1985இல் எழுதினார். நியூசிலாந்தின் வைக்காட்டோ பல்கலைக்கழகத்தினர் கணினிக் காட்சிகளைக் காட்டிச் சோதித்து 2013இல் வெளியிட்ட ஆய்வும் அதையே காட்டியது. பெரிய உடம்பு வேகத்தை மறைக்கிறது.

கவனத்தின் கணக்கு வேறு. பார்வைக் கவனத்தை ஆராயும் ஜெரமி வுல்ஃப் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், பயணப்பைச் சோதனை போன்ற படங்களில் ஒரு பொருளைத் தேடச் சொன்னார்கள். பாதிப் படங்களில் அது இருந்தபோது 7 சதவீதம் தவறியது. நூற்றுக்கு ஒரு படத்தில் மட்டும் இருந்தபோது 30 சதவீதம். அரிதாக வருவதைத் தேடும் கண் சீக்கிரம் "இல்லை" என்று முடிவு கட்டிவிடுகிறது. வன்னிக்கூடாக ஒரு நாளில் ஓடும் ரயில்கள் சில. தினமும் வயலுக்குப் போய்வரும் ஒருவருக்கு அந்தக் கடவை எப்போதும் வெறுமையாகவே இருந்திருக்கும்.

எங்கள் மண்ணுக்கு இன்னொன்றும் இருக்கிறது. போரால் 1990இல் நின்ற ரயில் 2013 செப்ரெம்பரில்தான் கிளிநொச்சிக்குத் திரும்பியது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பங்கர்களுக்குப் போயின, பாதை பற்றை மூடிக் கிடந்தது. ரயிலையே காணாமல் ஒரு தலைமுறை வளர்ந்து பிள்ளைகளையும் பெற்றது. அவர்களைக் கவனமில்லாத சனம் என்று திட்டுவதை என்னால் ஏற்க முடியாது.

கண்ணால் முடியாததை ஒரு கருவி செய்யும், இதில்தான் எனக்கு ஆசை அதிகம். சாதாரண தானியங்கி மணி, ரயில் குறித்த ஓர் இடத்தைத் தாண்டியதும் ஒலிக்கத் தொடங்கும். வேகமான ரயில் அரை நிமிடத்தில் வரும், ஊர்ந்து வருவது இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும். காத்திருந்து சலித்தவர், அடுத்த முறை மணி கேட்டாலும் நுழைகிறார். இன்னொரு வகைக் கருவி தண்டவாளத்தில் சிறு மின்னோட்டத்தை அனுப்புகிறது. ரயிலின் சில்லும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் இணைப்பதால், ரயில் கிட்ட வர வர அந்தச் சுற்றின் மின்தடங்கல் குறையும். இருக்கும் தடங்கலை, அது குறையும் வீதத்தால் வகுத்தால், ரயில் வந்துசேர இன்னும் எத்தனை செக்கன் என்பது கிடைக்கும். தூரத்தையோ வேகத்தையோ தனித்தனியே அளக்கத் தேவையில்லை! வேகமாக வந்தாலும் மெதுவாக வந்தாலும் மணி ஏறத்தாழ ஒரே நேரத்துக்கு முன்னால் அடிக்கும். அமெரிக்காவில் குறைந்தது 20 செக்கன் முன்னறிவிப்பு வேண்டும் என்பது விதி.

1976இல் டேவிட் லீ என்ற உளவியலாளர், கண்ணும் இதே வகுத்தலைச் செய்கிறது என்றார்: உருவத்தின் பருமனை அது பெருத்துவரும் வீதத்தால் வகுத்தால் மோதுவதற்கான நேரம் வரும். தூரத்து ரயிலில் அந்த வீதம் கண்ணுக்கு எட்டாத அளவு சிறிது. மின்சுற்றுக்கு அது எட்டும்.

விபத்து நடந்த கடவையைப் "பலி கேட்கிற இடம்" என்று சொல்லித் தேங்காய் உடைக்கிறார்கள். இழந்தவர்களின் மனதுக்கு அது ஆறுதல், அதைத் தடுக்க நான் யார்? ஆனால் பேய் என்று சொன்னதும் விசாரணை நின்றுவிடுகிறது. பற்றை எவ்வளவு உயரம், பாதை என்ன கோணத்தில் ஏறுகிறது என்று பிறகு ஒருவரும் கேட்பதில்லை. ஏ9 நெடுஞ்சாலையிலிருந்து திரும்பிய உடனேயே தண்டவாளம் வரும் ஒழுங்கைகளில், ரயில் சாரதியின் தோளுக்குப் பின்னாலிருந்தும் வரலாம். பாதையைச் செங்கோணத்துக்குத் திருப்பி, முன்னால் ஒரு வேகத்தடை போட்டால், கியர் குறையும், தலை திரும்பும். பலகையில் எழுதிய எச்சரிக்கையைவிட அது வலியது.

நிரந்தர நியமனம் கேட்டுப் போராடிய கடவைக் காவலாளர்களின் கோரிக்கையையும் நான் பாதுகாப்புக்கான செலவாகவே பார்க்கிறேன். யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில், இந்தப் பாதைக்குக் கிட்டவே இருக்கிறது. ஒவ்வொரு கடவையிலும் எத்தனை மீற்றருக்கு ரயில் தெரிகிறது, லாண்ட்மாஸ்டர் தாண்ட எத்தனை செக்கன், மணி எவ்வளவு முன்னால் அடிக்கிறது என்று அளந்து ஓர் அட்டவணை போட, நிறுத்தற் கடிகாரமும் அளவுநாடாவும் மாணவர்களின் பயணச் செலவும் போதும். அந்தச் சிறு தொகையை யாராவது ஒதுக்க வேண்டும்.