கிட்டார் ரிஃப் மனதில் ஒட்டிக்கொள்வது எப்படி?

டீப் பர்ப்பிள் குழுவின் ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ 1972இல் வந்தது. பாட்டின் ஒரு வரிகூடத் தெரியாதவர்கள்கூட, தொடக்கத்தில் வரும் அந்தக் கிட்டார் துணுக்கை வாயாலேயே வாசித்துக் காட்டிவிடுவார்கள். இப்படித் திரும்பத் திரும்ப வந்து பாட்டையே தாங்கிப் பிடிக்கும் துணுக்குதான் ரிஃப். இந்த ரிஃபின் மேல்குரலில் இருப்பவை நான்கே ஸ்வரங்கள்: ஸட்ஜம், சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பிரதி மத்யமம். இவ்வளவு கொஞ்சமாக இருப்பதுதான் அதன் பலம் என்பேன்.

முதலில் மின்சாரத்தின் பங்கைப் பார்ப்போம். கம்பியின் அதிர்வை, அதன் கீழே பொருத்திய காந்தச் சுருளான பிக்கப் மின் அலையாக மாற்றி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புகிறது. ஆம்ப் தாங்கும் அளவை அலை தாண்டினால் அதன் உச்சி மழுங்கிப்போகிறது. டிஸ்டார்ஷன் என்பது இதுதான். கம்பியின் அதிர்வு தளர்ந்துகொண்டே வந்தாலும், அலை உச்சவரம்பை முட்டிக்கொண்டிருக்கும்வரை சத்தம் அவ்வளவாகக் குறைவதில்லை. ஒரே ஸ்வரம் நெடுநேரம் நிற்பதால், இடைவெளியை நிரப்பப் பத்து ஸ்வரங்களை ஓட்ட வேண்டிய அவசியம் இல்லாமல் போகிறது.

இதைவிட அழகான விஷயம், கம்பியில் இல்லாத ஒலிகள் பிறப்பது. இந்த ரிஃபை டீப் பர்ப்பிளின் கிட்டார் கலைஞர் ரிச்சி பிளாக்மோர் ஒற்றைக் கம்பியில் வாசிக்கவில்லை. இரண்டு கம்பிகளை விரல்களால் ஒரே நேரத்தில் மீட்டுகிறார். முதல் அடியில் ஒரு கம்பி நொடிக்கு ஏறத்தாழ 147 முறை அதிர்கிறது, மற்றது 196 முறை. விகிதம் 3:4. மழுங்கிய அலையில் இவற்றின் வித்தியாசமும் தனி ஒலியாகச் சேர்ந்துகொள்கிறது: 49 ஹெர்ட்ஸ். அது அந்த 196இன் சரியாக நான்கில் ஒரு பங்கு, அதாவது அதே ஸ்வரம், இரண்டு ஸ்தாயி கீழே. சாதாரணமாகச் சுருதி கூட்டிய கிட்டாரின் மிகத் தடித்த கம்பியே 82 ஹெர்ட்ஸில்தான் பேசும். அந்தக் கருவியால் எட்ட முடியாத ஆழம் இந்த இரண்டு கம்பிகளின் மோதலில் கிடைத்துவிடுகிறது.

எல்லா ஜோடிக்கும் இது வாய்க்காது. ஸட்ஜத்தோடு அந்தர காந்தாரத்தைச் சேர்த்து மீட்டினால், ஃப்ரெட் (ஸ்வர இடங்களை நிலையாகக் கட்டிவைக்கும் உலோகப் பட்டை) வைத்த கிட்டாரில் விகிதம் 4:5இலிருந்து சற்றே விலகி நிற்கும். பிறக்கும் புது ஒலிகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் உரச, கேட்பதற்குக் கலங்கலாக இருக்கும். ராக் கிட்டார்காரர்கள் காந்தாரத்தைக் கழற்றிவிட்டு, ஸ–ப மட்டும் வைத்த பவர் கார்டை விடாமல் பிடித்துக்கொண்டதற்கு இது முக்கியமான காரணம்.

ஒலி பெரிதாகிவிட்டது, சரி. அது நினைவில் நிற்பதற்கு அடுக்கும் வேண்டும். அதே ரிஃபை மெதுவாக எண்ணிப் பாருங்கள். முதல் துண்டில் மூன்று அடிகள்: ஸ க ம. அடுத்ததில் நான்கு: ஸ க, பிறகு பிரதி மத்யமம் ஒரு கணம் தலைகாட்டிவிட்டு உடனே சுத்த மத்யமத்தில் இறங்குகிறது. மூன்றாவதில் ஐந்து: ஸ க ம க ஸ. மொத்தம் பன்னிரண்டு அடிகளில் அந்த அந்நிய ஸ்வரம் வருவது ஒரே ஒரு முறை. முதல் துண்டைக் கேட்டதுமே இரண்டாவதும் அப்படித்தான் வரும் என்று மனம் கணித்துவிடுகிறது. அந்தக் கணிப்பு கொஞ்சம் பொய்க்கிறது, மூன்றாவதில் மீண்டும் பலிக்கிறது. தாளமும் இதற்குத் துணை போகிறது: முதல் மூன்று அடிகள் தாளத்தின் மேலேயே விழ, அடுத்தவை எண்ணிக்கைக்கு நடுவே நழுவுகின்றன. துண்டுகளுக்கு இடையிலுள்ள மௌனத்தில் கேட்பவரின் மனம் அடுத்ததை முன்கூட்டியே பாடிப் பார்க்கிறது. திரும்பத் திரும்பக் கேட்பதோடு இந்த ஒத்திகையும் சேரும்போதுதான் ரிஃப் உள்ளே தங்குகிறது என்பது என் எண்ணம்.

ஒலியின் நிறமும் ஒரு அடையாளம். ரோலிங் ஸ்டோன்ஸ் 1965இல் வெளியிட்ட ‘சாட்டிஸ்ஃபாக்‌ஷன்’ பாட்டின் ரிஃப் மூன்றே ஸ்வரங்கள். அந்த இடத்தில் பித்தளைக் குழல்கள் வரவேண்டும் என்று நினைத்த அக்குழுவின் கிட்டார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸ், மாதிரிக்காகத்தான் ஒலியைக் கரகரக்க வைக்கும் ஃபஸ் பெடலை மிதித்து வாசித்தார். அந்தக் கரகரப்பே நிலைத்துவிட்டது.

ரிஃப் குரலுக்கும் அடங்க வேண்டும். ஒயிட் ஸ்ட்ரைப்ஸின் ‘செவன் நேஷன் ஆர்மி’ 2003இல் வந்தது. அதில் பேஸ் கிட்டார் போலக் கேட்பது, பெடலால் ஒரு ஸ்தாயி இறக்கப்பட்ட சாதாரண கிட்டார். ஏழு அடிகள், மேலிருந்து கீழ்வரை ஒரு ஸ்தாயிகூட இல்லை. பாடப் பழகாத தொண்டைக்கும் அது எட்டும். கால்பந்து மைதானங்களில் ஆயிரக்கணக்கானோர் அதை ‘ஓ’ என்று சேர்ந்து பாடுகிறார்கள். பாட்டின் வரிகளை அங்கே யாரும் தேடுவதில்லை.