‘ரெசிஸ்ட்’: எதிர்ப்பதா, எதிர்நிற்பதா?

மருத்துவமனை ஒன்றின் புறநோயாளர் பிரிவில் காத்திருந்தபோது, எதிர்ச்சுவரில் இருந்த விழிப்புணர்வுச் சுவரொட்டியை நானும் பக்கத்து இருக்கையில் இருந்த மூதாட்டி ஒருவரும் படித்துக்கொண்டிருந்தோம். ‘நுண்ணுயிர் எதிர்ப்பை வெல்வோம்’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. அவர் என் பக்கம் திரும்பி, “நுண்ணுயிருக்கு எதிர்ப்பு இருந்தா நல்லதுதானே தம்பி, அதை எதுக்கு வெல்லணும்?” என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழையே இல்லை. அந்தத் தொடருக்கு அவர் கொண்ட பொருள்தான் தமிழில் முதலில் தோன்றும் பொருள். சுவரொட்டி சொல்ல வந்ததோ அதற்கு நேர்மாறானது: கொல்ல வேண்டிய மருந்துக்குச் சாகாமல் கிருமிகள் பிழைத்துக்கொள்வதைப் பற்றியது. ஆங்கிலத்தில் இதை ‘ஆன்டிமைக்ரோபியல் ரெசிஸ்டன்ஸ்’ என்பார்கள். ஆண்டுதோறும் நவம்பர் 18 முதல் 24 வரை உலகெங்கும் இதற்கென ஒரு விழிப்புணர்வு வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. ஆண்டுதோறும் இதே தொடரும் வந்துகொண்டிருக்கிறது. ‘ரெசிஸ்ட்’ என்னும் ஆங்கில வினையை எங்கே கண்டாலும் ‘எதிர்’ என்று பெயர்த்துவிடும் பழக்கமே இதற்கு வேர்.

அந்த வினை இலத்தீனின் ‘ரெசிஸ்தெரே’ என்பதிலிருந்து பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது. ‘ரெ’ என்பது பின், எதிர் என்னும் பொருள் தரும் முன்னொட்டு. ‘சிஸ்தெரே’ என்பது நிற்றல், நிறுத்துதல். அருகில் நிற்பது ‘அசிஸ்ட்’ ஆயிற்று, விடாமல் நிற்பது ‘பெர்சிஸ்ட்’ ஆயிற்று, சொன்னதில் நிற்பது ‘இன்சிஸ்ட்’ ஆயிற்று. வடமொழியின் ‘ஸ்தா’ என்னும் வேரும் இதன் உறவே. தாபனம் என்று நாம் தமிழாக்கிக்கொண்ட சொல் அவ்வழி வந்தது. ஆகவே இந்த வினையின் உயிர் நிற்றலில் இருக்கிறது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் முன்னொட்டை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு வினையைக் கீழே போட்டுவிட்டார்கள்.

இதற்குப் புதுச்சொல் படைக்க வேண்டிய தேவையும் இல்லை. ‘கூற்றுடன்று மேல்வரினும் கூடி எதிர்நிற்கும் ஆற்ற லதுவே படை’ என்கிறது 765ஆம் குறள். எமனே சினந்து மேலே வந்தாலும் ஒன்றுகூடி எதிர்நிற்கும் ஆற்றல்! தாக்கி வருவது கூற்று, நிற்பது படை. இலத்தீனின் முன்னொட்டும் வினையும் பிசகாமல் ‘எதிர்நில்’ என்னும் ஒரே சொல்லில் அமைந்திருக்கின்றன. 771ஆம் குறளின் வீரனோ தன் தலைவனைக் குறித்து, ‘என்னைமுன் நில்லன்மின் தெவ்விர்’ (பகைவர்களே, என் தலைவன்முன் நிற்காதீர்கள்) என்று பகைவரை எச்சரிக்கிறான். தலைவனுக்கு முன்நின்ற பலர் இன்று நடுகல்லாய் நிற்கிறார்களாம். பகைத்து நிற்பதை ‘நில்’ என்ற வினையாலேயே சொல்லும் பழக்கம் தமிழுக்கு அவ்வளவு பழையது.

எதிர்ப்பதும் எதிர்நிற்பதும் ஒன்றுதானே, இதில் என்ன நுணுக்கம் வேண்டிக்கிடக்கிறது என்று கேட்பவர்களுக்காகச் சற்று விரித்துச் சொல்கிறேன். எதிர்ப்பவர் தாமே முனைந்து ஒன்றின்மேல் செல்கிறார், அல்லது அது கூடாது என்கிறார். எதிர்நிற்பவர்மீது ஏதோ ஒன்று வந்து மோதுகிறது. அவர் அதற்குச் சாயாமல் இருக்கிறார். பேச்சுத்தமிழின் ‘தாக்குப்பிடித்தல்’ இந்த இரண்டாவதைத்தான் சொல்கிறது. ஆங்கிலத்தில் இவற்றுக்குத் தனித்தனி வினைகள் இருக்கின்றன: ‘அப்போஸ்’ என்பது எதிரே வைத்தல், ‘அப்ஜெக்ட்’ என்பது முன்னால் எறிதல், ‘புரோட்டெஸ்ட்’ என்பது ஊரறியச் சான்றுரைத்தல். நம் செய்தித்தாள்களில் இந்த மூன்றோடு ‘ரெசிஸ்ட்’டும் சேர்ந்து நான்குக்கும் ‘எதிர்ப்பு’ என்ற ஒரே சொல்தான். மறுத்தல், மறித்தல், தடுத்தல், கண்டித்தல், முரணுதல், இணங்காமை என்று வகைவகையாகச் சொல் வைத்திருக்கும் மொழியில், எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருக்கிறோம்.

மீண்டும் சுவரொட்டிக்கு வருகிறேன். ‘இந்தி எதிர்ப்பு’ என்றால் இந்தியை எதிர்ப்பது. இந்தி எதையோ எதிர்ப்பதாக யாரும் பொருள் கொள்வதில்லை. வரதட்சணை எதிர்ப்பு, நோய் எதிர்ப்பு ஆகியவையும் அப்படியே. இவை இரண்டாம் வேற்றுமைத் தொகைகள். இந்த வரிசையில் ‘நுண்ணுயிர் எதிர்ப்பு’ என்று எழுதினால், நுண்ணுயிரை எதிர்ப்பது என்றுதான் படிப்பவர் கொள்வார். ‘மக்கள் எதிர்ப்பு’ என்பதை மக்களது எதிர்ப்பு என்று விரிப்பதுபோல இதையும் ஆறாம் வேற்றுமையாக விரிக்கலாமே என்று இச்சொல்லுக்காக வாதிடுபவர்கள் சொல்வதுண்டு. இலக்கணம் அதற்கு இடம் தருகிறது என்பது உண்மைதான். ஆனால் எதிர்க்கும் மனம் படைத்த மனிதரைப் பற்றிப் பேசும்போதுதான் அந்தப் பொருள் முந்திக்கொண்டு வரும். நாம் ஒழிக்க நினைக்கும் ஒன்றைப் பற்றிப் பேசும்போது வராது. இலக்கணத்தில் இடம் இருக்கிறது என்பதற்காக, படிப்பவர் மனத்தில் இல்லாத பொருளைச் சுவரில் ஒட்டிவைப்பதால் என்ன பயன்?

இதைவிடப் பெரிய கேடு ஒன்றும் உண்டு. ‘ஆன்டிபயாடிக்’ மருந்துக்கு ‘நுண்ணுயிர் எதிர்ப்பி’ என்ற பெயர் நன்றாக வழங்கிவருகிறது. அது சரியான பெயரும்கூட, ஏனெனில் மருந்து கிருமியைத் தேடிப்போய்த் தாக்குகிறது. இப்போது பாருங்கள்: ‘எதிர்ப்பி’ என்றால் மருந்து, ‘எதிர்ப்பு’ என்றால் அந்த மருந்து தோற்றுப்போவது. பிகரத்துக்கும் புகரத்துக்கும் உள்ள வேறுபாட்டில் நோயாளியின் உயிர் தொங்குகிறது. இந்தக் குழப்பத்தை உணர்ந்த சிலர் ‘நுண்ணுயிர் எதிர்ப்பி எதிர்ப்பு’ என்று எழுதுகிறார்கள். உரக்க ஒருமுறை சொல்லிப் பார்த்தால் அதைப் பற்றி நான் எதுவும் எழுத வேண்டியிருக்காது.

கிருமிகள் மருந்தை உண்மையிலேயே எதிர்த்துத் தாக்கவில்லையா என்று மருத்துவர் ஒருவர் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். சில கிருமிகள் நொதியைச் சுரந்து பெனிசிலினைச் சிதைக்கின்றன. ஆனால் வேறு சில, உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துவிடுகின்றன. இன்னும் சில, மருந்து பற்றிக்கொள்ளும் இடத்தையே மாற்றிக்கொள்கின்றன. வழிகள் பல, மருந்து வந்த பிறகும் நிலைத்திருப்பதே அத்தனைக்கும் பொது. 1945இல் நோபெல் பரிசு பெற்று ஆற்றிய உரையில், பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங் அஞ்சியதும் இதைத்தான்: சாகடிக்காத குறைந்த அளவில் மருந்தைக் கொடுத்தால், அதற்குத் தாக்குப்பிடிக்கக் கிருமிகள் பழகிவிடும் என்றார். காசநோய்ப் பிரிவில் ‘மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்’ என்று எழுதுகிறார்கள். குழப்பமற்ற தமிழ். உழவர்களும் ‘வறட்சியைத் தாங்கும் ரகம்’ என்றுதான் சொல்கிறார்கள். ‘வறட்சியை எதிர்க்கும் ரகம்’ என்று சொல்லி நெற்பயிரைக் கொடிபிடிக்க அனுப்புவதில்லை. அன்று நான் அந்த மூதாட்டியிடம் விளக்கிச் சொன்னபோது, “ஓ, மருந்துக்குக் கேக்காத கிருமியா?” என்று ஒரே தொடரில் முடித்துவிட்டார். குழு அமைத்துத் தேடினாலும் இதைவிடத் தெளிவான சொல் கிடைக்காது. ‘மருந்துக்குக் கேளாமை’ என்று அதைப் பெயராக்கிக்கொள்ளவும் தடையில்லை.

இந்த வினையின் அரசியல் வாழ்க்கையிலும் இதே சிக்கல் உண்டு. தென்னாப்பிரிக்காவில் இந்தியர்கள் நடத்திய போராட்டத்தை முதலில் ‘பாசிவ் ரெசிஸ்டன்ஸ்’ என்றே அழைத்தார்கள். ‘சாத்விக எதிர்ப்பு’ என்று தமிழில் பெயர்க்கப்படுவது இதுவே. எளியோரின் ஆயுதம் என்று வெள்ளையர்கள் அதைப் புரிந்துகொண்டதைக் கண்ட காந்தி, தாம் நடத்திவந்த ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில் புதுப்பெயர் கேட்டு ஒரு போட்டி வைத்தார். அவருடைய உறவினர் மகன்லால் காந்தி ‘சதாக்கிரகம்’ என்று எழுதியனுப்ப, காந்தி அதைச் ‘சத்தியாக்கிரகம்’ என்று திருத்திக்கொண்டார். ஆக்கிரகம் என்பது உறுதியாகப் பற்றி நிற்பது. எதிர்ப்பைக் குறிக்கும் சொல் எதுவும் அந்தப் பெயரில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தப் போராட்டத்தில் சிறைசென்று, நோயோடு விடுதலையாகி, 1914 பிப்ரவரியில் இறந்த தில்லையாடி வள்ளியம்மை யாரையும் தாக்கவில்லை, எதிர்நின்றார்.

எல்லா இடத்திலும் ‘எதிர்ப்பு’ தவறு என்று நான் சொல்லவில்லை. 1940 ஜூன் 18 அன்று இலண்டன் வானொலியில் பிரெஞ்சுத் தளபதி தெ கோல், பிரெஞ்சு ‘ரெசிஸ்தான்ஸ்’ என்னும் சுடர் அணையாது என்று பேசினார். அதன்பின் தண்டவாளங்களைத் தகர்த்தவர்களின் இயக்கத்தை ‘எதிர்ப்பியக்கம்’ என்பதே பொருத்தம். நோய்க்கிருமியைத் தேடி அழிக்கும் உடலின் ஆற்றலுக்கு ‘நோய் எதிர்ப்பாற்றல்’ என்பதும் பொருந்தும். மின்னோட்டத்துக்கு ஒரு பொருள் காட்டும் ‘ரெசிஸ்டன்ஸை’ இயற்பியலில் ‘மின்தடை’ என்கிறார்கள். பொருள் சரிதான், ஆனால் ‘நாளை மின்தடை’ என்று மின்வாரியம் அறிவிக்கும் ஊரில், ஓமின் விதியைப் படிக்கும் மாணவர் மின்வெட்டை நினைத்துக்கொள்கிறார். இலங்கைப் பாடநூல்களில் வெறுமனே ‘தடை’ என்றும், அந்தக் கருவியைத் ‘தடையி’ என்றும் எழுதி இதைத் தவிர்த்துவிட்டார்கள்.

என் பொறுமை முற்றிலும் தீர்ந்துபோவது வேறு இரண்டு இடங்களில். ஒன்று, நீரிழிவுக் கையேடுகளில் வரும் ‘இன்சுலின் எதிர்ப்பு’. உயிரணுக்கள் இன்சுலினுக்கு இணங்க மறுப்பதுதான் செய்தி. ‘இன்சுலினுக்கு இணங்காமை’ என்று எழுதினால் போதும். கையேட்டைப் படித்துவிட்டு, இன்சுலின் ஊசி தம் உடலுக்கு எதிரி போலும் என்று அதை நிறுத்திவிட எண்ணிய உறவினர் ஒருவர் எனக்கு இருக்கிறார். மற்றொன்று, வெளிநாட்டுத் தொடர்களின் தமிழ் வசனவரிகள். தட்டில் இருந்த கடைசி இனிப்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்ட ஒரு பெண், ‘என்னால் எதிர்க்க முடியவில்லை’ என்கிறாள். நம் வீட்டில் எவரும் இனிப்பை எதிர்ப்பதில்லை. வாயைக் கட்ட முடியவில்லை என்போம், அல்லது ஒன்றும் சொல்லாமல் தின்றுவிடுவோம்.