எட்டு மணி நேரம், வாரம் ஒரு நாள், வருடம் 36 நாள்: கடை, அலுவலக ஊழியர்களுக்குச் சட்டம் தரும் ஓய்வு

என் அக்கா பதினோரு வருடம் ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றாள். ஆடித் தள்ளுபடி, தீபாவளி சீசன் என்றால் வாரலீவே கிடையாது. பொங்கலுக்கு இரண்டு நாள் விட்டால், "முதலாளி நல்ல மனுஷர்டா, சம்பளத்தோட லீவு குடுத்தார்" என்று நன்றியோடு சொல்வாள். அவள் இருந்த வருடங்களில், ஒவ்வொரு வருடமும் 36 நாள் சம்பளத்தோடு லீவு எடுக்கும் உரிமை அவளுக்கு இருந்தது. அதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. சென்னை ஓ.எம்.ஆர். சாலைப் பக்கம் சாப்ட்வேர் கம்பெனிகளில் இருக்கும் என் நண்பர்களில் பலருக்கும் தெரியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்த உரிமையைத் தரும் சட்டத்தின் பெயர் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947. பெயரில் 'கடைகள்' முன்னால் நிற்பதால், மளிகைக்கடைக்கும் துணிக்கடைக்கும் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். உணவகம், தங்கும் விடுதி, தியேட்டர், வங்கி, இன்சூரன்ஸ் அலுவலகம், பங்கு மூலதனத்தில் நடக்கும் கம்பெனி எல்லாமே இதற்குள் வரும். தொழிற்சாலையின் உற்பத்திப் பிரிவுக்குத் தனிச் சட்டம் உண்டு. அரசு அலுவலகங்கள் இதில் சேராது.

வேலை நேரத்தைப் பற்றிச் சட்டம் சொல்வது இது: ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். ஓவர்டைம் வாங்கலாம், ஆனால் அதையும் சேர்த்து நாளுக்கு 10 மணி நேரத்தையும் வாரத்துக்கு 54 மணி நேரத்தையும் தாண்டக் கூடாது. ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம். உங்கள் வழக்கமான சம்பளக் கணக்கில் ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய் வருகிறது என்றால், கூடுதலாக நின்ற ஒவ்வொரு மணிக்கும் 240 ரூபாய். டீயும் சமோசாவும் வாங்கிக் கொடுப்பது ஓவர்டைம் சம்பளம் ஆகாது. தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் நடுவில் குறைந்தது 1 மணி நேரம் இடைவேளை தர வேண்டும். "சாப்பிட்டுட்டு பத்து நிமிஷத்துல வந்துடு" என்பது இந்தப் பிரிவுக்கு நேர் விரோதம்.

எட்டு மணி நேரம் என்ற எண் சும்மா வந்ததில்லை. 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டத்தை நடத்தினார். அதற்கு ஏறக்குறைய நூறு வருடம் கழித்து, 2023 ஏப்ரலில், தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்ததால், அந்த வருட மே தினத்தன்று மசோதா திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். இந்த எட்டு மணியைக் காப்பாற்ற நம் காலத்திலும் சத்தம் போட வேண்டியிருந்தது.

வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை. அந்த நாளுக்காகச் சம்பளத்தில் பிடித்தம் செய்யக் கூடாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளும் நிறுவனங்களும் வருடம் முழுக்க 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019-இல் அரசாணை வந்து, பிறகு நீட்டிக்கப்பட்டது. அதைக் காட்டி, "நம்ம கடைக்கு லீவே கிடையாது, கவர்மெண்டே சொல்லிடுச்சு" என்று சொல்பவர்கள் உண்டு. கடைக்குத்தான் லீவு கிடையாது, ஆளுக்கு உண்டு. சுழற்சி முறையில் ஒவ்வொருவருக்கும் வாரலீவு தர வேண்டும் என்பது அதே அரசாணையின் நிபந்தனை. இரவு 8 மணிக்கு மேல் பெண்களை வேலைக்கு வைக்க அவர்களுடைய எழுத்துப்பூர்வமான சம்மதமும் போதிய பாதுகாப்பும் வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது.

இனி அந்த 36 நாள் கணக்கு. சட்டத்தின் 25-ஆம் பிரிவு மூன்று வகை லீவைச் சொல்கிறது. உடம்புக்கு முடியாவிட்டாலோ விபத்து நடந்தாலோ 12 நாள். நியாயமான எந்தக் காரணத்துக்கும் தற்செயல் விடுப்பு, அதாவது சி.எல்., 12 நாள். இந்த இரண்டும் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்திலிருந்தே உண்டு. மூன்றாவது, 12 மாதம் தொடர்ந்து வேலை செய்து முடித்த பிறகு, அடுத்த வருடத்தில் எடுத்துக்கொள்ள இன்னும் 12 நாள். இதை எடுக்காமல் விட்டால் அழிந்துபோகாது, 24 நாள் வரை சேர்த்து வைக்கலாம். ஆக முதல் வருடம் 24 நாள், இரண்டாம் வருடத்திலிருந்து 36 நாள். எல்லாமே சம்பளத்தோடு. இது குறைந்தபட்சக் கணக்கு. கம்பெனி கூடுதலாகத் தரலாம், குறைக்க முடியாது. 'ஆறு மாசம் புரொபேஷன், அதுவரை எந்த லீவும் எல்.ஓ.பி.தான்' (அதாவது சம்பளம் இல்லாத லீவுதான்) என்று ஆபர் லெட்டரில் எழுதியிருந்தாலும் சட்டம்தான் மேலே நிற்கும்.

இதில் ஒரு சிறிய விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த மூன்றாவது வகை லீவைக் கேட்டு, மறுக்கப்பட்டு, அதற்குள் நீங்கள் வேலையை விட்டால் அந்த நாட்களுக்கான பணத்தை முதலாளி தர வேண்டும். ஆனால் கேட்டதற்குச் சாட்சி வேண்டும். வாயால் கேட்டு, "இப்ப ரிலீஸ் டைம், பாத்துக்கலாம்" என்று வாயாலேயே மறுக்கப்பட்டால் கையில் ஒன்றும் மிஞ்சாது. அதனால் லீவை மின்னஞ்சலில் கேளுங்கள். கடை என்றால் தேதி போட்ட கடிதமாகக் கொடுத்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

பண்டிகை விடுமுறைகள் இந்த 36-இல் சேராது. அவற்றுக்கு 1958-இல் வந்த தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் தனியாக இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என நான்கு, அதோடு பண்டிகைகளுக்கு ஐந்து, மொத்தம் 9 நாள். அந்த நாளில் வேலைக்கு அழைத்தால் இரட்டைச் சம்பளம் தர வேண்டும், இல்லையென்றால் அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் சம்பளத்துடன் கூடிய விடுமுறை தர வேண்டும். வாக்குப்பதிவு நாளும் சம்பளத்தோடு விடுமுறைதான்.

குழந்தை பெற்றுக்கொள்பவர்களுக்கு 26 வாரம் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு. ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம். பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். திரும்பி வந்த பிறகு, குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை தினமும் இரண்டு முறை பால் கொடுக்க இடைவேளை உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை அங்கே போய்ப் பார்க்கலாம். 2025 நவம்பரில் மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்ததில் பழைய மகப்பேறுச் சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது. மேலே சொன்ன எண்கள் அப்படியே இருக்கின்றன. நம் மாநிலக் கடைகள் சட்டம் அந்தத் தொகுப்புகளால் நீக்கப்பட்ட மத்தியச் சட்டங்களில் ஒன்றல்ல.

உட்காரும் உரிமைக்கு வருகிறேன். அக்காவின் கால் நரம்புகள் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் இந்தப் பிரிவு அவள் காலத்தில் வந்திருக்கக் கூடாதா என்று தோன்றும். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைப் பெண்கள் போராடி, 2018-இல் கேரளத்தில் இந்த உரிமையைச் சட்டமாக்கினார்கள். தமிழ்நாட்டில் 2021-இல் 22-அ பிரிவாக வந்தது. வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரும்படி எல்லா ஊழியருக்கும் இருக்கை இருக்க வேண்டும். நாற்காலியை மூலையில் போட்டுவிட்டு, உட்கார்ந்தால் சூப்பர்வைசர் கண்ணை உருட்டினால் அது சட்டத்தை நிறைவேற்றியதாகாது.

இவ்வளவு இருந்தும் படித்த, நல்ல சம்பளம் வாங்கும் வேலையில் இருப்பவர்கள் ஏன் நடு இரவு வரை லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிறார்கள்? ஒரு காரணம், இந்தச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது அது. (பயணமே வேலையாக இருப்பவர்கள், ஆர்டர் பிடிக்கப் போகும் கேன்வாசர்கள், கட்டடக் காவல் பார்ப்பவர்களுக்கும் பொருந்தாது.) என் நண்பன் ஒருவனுக்கு மூன்றாம் வருடமே 'அசோசியேட் மேனேஜர்' என்று பதவி கொடுத்தார்கள். அவனுக்குக் கீழே ஒருவரும் இல்லை. யாருக்கும் லீவு தர, யாரையும் வேலைக்கு எடுக்க அவனுக்கு அதிகாரம் இல்லை. கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுவதுதான் வேலை. ஆனால் ஓவர்டைம் கேட்டபோது, "நீங்க மேனேஜ்மெண்ட் கேடர்" என்றார் ஹெச்.ஆர்.

அட்டையில் என்ன அச்சடித்திருக்கிறது என்பதைவிட, ஒருவர் உண்மையில் என்ன வேலை செய்கிறார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். இந்த ஆள் சட்டத்துக்குள் வருவாரா, மாட்டாரா என்ற சந்தேகம் எழுந்தால் அதைத் தீர்க்கும் அதிகாரத்தை 51-ஆம் பிரிவு தொழிலாளர் ஆணையரிடம் கொடுத்திருக்கிறது. ஹெச்.ஆர். சொல்வது அதில் முடிவான தீர்ப்பாகாது. தனிப்பட்ட நிறுவனங்களுக்குச் சில பிரிவுகளிலிருந்து விலக்கு அளிக்கவும் அரசால் முடியும். ஆகவே "எங்களுக்கு விலக்கு இருக்கு" என்று சொன்னால், எந்தப் பிரிவுக்கு, எந்தத் தேதி வரை என்று கேட்டு அந்த ஆணையைக் காட்டச் சொல்லுங்கள்.

வீட்டுக்குப் போன பிறகு வரும் அழைப்புகள் இன்னொரு தலைவலி. வேலை நேரம் முடிந்த பின் போனை எடுக்காமல் இருக்கும் உரிமைக்கு இந்தியாவில் இன்னும் சட்டம் இல்லை. தனிநபர் மசோதாக்கள் மக்களவைக்கு வந்தன, சட்டமாகவில்லை. என் கருத்தில், மேலதிகாரி சொல்லி இரவு 10 மணிக்குச் செய்த வேலையும் வேலைதான். அதையும் மணிக்கணக்கில் எழுதி வையுங்கள்.

புகார் செய்ய நினைப்பவர்கள் முதலில் சேர்த்து வைக்க வேண்டியவை: ஸ்வைப் நேரங்கள், ஷிப்ட் பட்டியலின் படம், வேலைக்கு அழைத்த வாட்ஸ்அப் செய்திகள், சம்பளச் சீட்டு, லீவு மறுத்த மின்னஞ்சல். ஒரு மாதக் கணக்கு இருந்தாலே பேச்சு மாறிவிடும். உங்கள் பகுதித் தொழிலாளர் உதவி ஆய்வாளரிடம் எழுத்தில் கொடுக்கலாம். கேட்டதற்காக வேலையை விட்டு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது, அது நியாயமான பயம்தான். ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தகுந்த காரணம் இல்லாமலும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமலும் நிறுத்த முடியாது என்கிறது 41-ஆம் பிரிவு. நிறுத்தினால் மேல்முறையீடு உண்டு, அதை நாள் தள்ளாமல் செய்ய வேண்டும். தனியாகப் போவதைவிட நான்கைந்து பேர் கையெழுத்திட்டுப் போனால் ஒருவரைத் தனியாகக் குறிவைப்பது கடினம். மனுவைக் கொடுக்கும்போது நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள மறக்காதீர்கள்.