பெனிடென்ஷியரி: தமிழில் என்ன சொல்வது?

அமெரிக்கச் சிறைகளைப் பற்றிப் படிக்கும்போது ‘பெனிடென்ஷியரி’ என்ற சொல் கண்ணில் படும். அகராதியைப் புரட்டினால் ‘சிறைச்சாலை’ என்றிருக்கும். தப்பில்லை. ஆனால் ஜெயில், பிரிசன் என்று ஏற்கெனவே இரண்டு சொற்கள் இருக்க, இது எதற்கு வந்தது?

மூலம் லத்தீன் ‘பெனிடென்ஷியா’. செய்ததை எண்ணி மனம் வருந்துவது என்று பொருள். தண்டனையைக் குறிக்கும் ‘பொய்னா’வோடு இதைச் சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு, ஒலி அப்படி. வேர் வேறு. கிறித்தவத் திருச்சபையில் பாவமன்னிப்பைச் சார்ந்து புழங்கிய சொல் இது. சிறைக்கு வந்தது 18ஆம் நூற்றாண்டில்.

அன்றைய இங்கிலாந்துச் சிறைகளில் காவலருக்குச் சம்பளம் கிடையாது, கைதிகளிடம் வசூலிக்கும் கட்டணம்தான். குற்றவாளி இல்லை என்று தீர்ப்பான பிறகும் அந்தக் கட்டணத்தைக் கட்ட முடியாமல் உள்ளேயே கிடந்தவர்களைப் பார்த்துத்தான் ஜான் ஹோவர்ட் சிறைச் சீர்திருத்தத்தில் இறங்கினார். அவருடைய முயற்சியும் சேர்ந்து 1779இல் பெனிடென்ஷியரி சட்டம் வந்தது. அடைத்துப் போடுவதற்குப் பதில் தனிமையும் வேலையும் கொடுத்து மனம் திருந்தச் செய்வது என்பது கணக்கு.

நல்ல எண்ணம்தான். அதைக் கட்டடமாக்கிப் பார்த்த இடம் அமெரிக்காவின் பிலடெல்பியா. 1829இல் திறந்த சிறையில் ஒருவருக்கு ஓர் அறை, கூரையில் வெளிச்சத்துக்கு ஒரு திறப்பு, பின்னால் சுவர் சூழ்ந்த சிறு முற்றம். சாப்பாடு ஒரு துளை வழியே வரும். அறையை விட்டு வெளியே கூட்டிப்போனால் முகத்தை மூடி முக்காடு போடுவார்கள், இன்னொரு கைதியின் முகம் தெரியக் கூடாதென்று. 1842இல் வந்து பார்த்த சார்லஸ் டிக்கன்ஸ், உடலை வதைப்பதைவிட இது கொடுமை என்று எழுதினார். 1890இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே ஒரு தீர்ப்பில் தனிமைச் சிறையின் விளைவுகளைச் சொன்னது: பலருக்குப் புத்தி மழுங்கியது, சிலருக்குப் பித்துப் பிடித்தது, சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள், தாக்குப்பிடித்தவர்களும் பொதுவாகத் திருந்தவில்லை. இன்று ஐ.நா.வின் நெல்சன் மண்டேலா விதிகள் (2015) தொடர்ந்து 15 நாளுக்கு மேல் தனிமையில் அடைக்கக் கூடாது என்கின்றன.

நார்வேயில் 2010இல் திறந்த ஹால்டன் சிறை இதற்கு நேர் எதிர். சுதந்திரத்தைப் பறிப்பது மட்டுமே தண்டனை. மற்றபடி உள்ளே வாழ்க்கை வெளியுலகம் போலவே இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. காவலர்கள் கைதிகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், தொழிற்கூடம் இருக்கிறது. சொகுசு என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். கைதிகளில் பெரும்பாலோர் என்றாவது வெளியே வந்து யாருக்காவது பக்கத்து வீட்டுக்காரர் ஆகப்போகிறவர்கள் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை.

சரி, தமிழ்ச் சொல்? பழைய வரலாற்றை எழுதும்போது ‘கழுவாய்ச் சிறை’ பொருந்தும். கழுவாய் என்றால் பிராயச்சித்தம். இன்றைய அமெரிக்கச் சிறைக்கு வெறும் ‘சிறை’ போதும். ‘சீர்திருத்த இல்லம்’ என்பதை மட்டும் கண்டபடி போடாதீர்கள். படுக்க இடமில்லாத சிறைக்கு அந்தப் பலகை மாட்டினால் அது ஏமாற்று. ‘அறக்கோட்டம்’ என்றும் சிலர் சொல்லலாம், சிறைக்கோட்டம் அறக்கோட்டமான மணிமேகலைக் காப்பியத்தை நினைத்து. ஆனால் அங்கே கைதிகளை உள்ளே வைத்துத் திருத்தவில்லை, சிறையையே எடுத்துவிட்டார்கள்.