ரேஷன் எஸ்எம்எஸ் உங்கள் போனுக்குத்தான் வருகிறதா?

எங்கள் தெருவில் ஒரு பாட்டிக்கு மாதக்கணக்கில் துவரம்பருப்பு கிடைக்கவில்லை. ஆனால் மாதம் தவறாமல் பில் மட்டும் விழுந்திருக்கிறது. பில் போட்டதும் வரும் எஸ்எம்எஸ் எல்லாம் போனது கார்டுக்கு விண்ணப்பித்துக் கொடுத்த பிரவுசிங் சென்டர்காரர் போனுக்கு.

தமிழ்நாட்டில் 2017ல் ஸ்மார்ட் கார்டு, 2020ல் கைரேகை. திருட்டைத் தடுக்க எத்தனை மிஷின் வைத்தாலும் நம் கையில் இருக்கும் ஒரே சாட்சி அந்த எஸ்எம்எஸ்தான். அதனால் முதலில் கார்டில் எந்த நம்பர் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள்.

மாற்றலாம் என்று இணையதளத்துக்குள் போனால் ஓடிபி பழைய நம்பருக்கே போகும்! அந்த நம்பர் இல்லாததால்தானே மாற்ற வருகிறோம்? கடையில் கேட்டால் தாலுகா ஆபீஸ் என்பார்கள், அங்கே போனால் இ-சேவைக்குப் போகச் சொல்வார்கள். அலையாதீர்கள். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை ரேஷன் குறைதீர் முகாம் நடக்கும், கார்டும் ஆதாரும் எடுத்துக்கொண்டு நேரே அங்கே போய் மனு கொடுங்கள்.

அடுத்த பொறி கைரேகை. "முதல்ல விரல் வை, எண்ணெய் நாளைக்கு வந்து வாங்கிக்க" என்றால் வைக்காதீர்கள். பில் போட்டுவிட்டால் கணக்கில் நீங்கள் வாங்கியாகிவிட்டது, நாளைக்குக் கேட்டால் ஸ்டாக் இல்லை என்பார்கள். என்னென்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு, பொருள் பைக்குள் விழுந்த பிறகு எஸ்எம்எஸ்ஸை அங்கேயே நின்று படியுங்கள்.

சரி, ரேகையே விழவில்லையா? மண் வெட்டிய கைக்கும் வயதான கைக்கும் விழாது, அது உங்கள் குற்றமில்லை. ரேகை விழவில்லை என்பதற்காகப் பொருள் மறுக்கக் கூடாது. கருவிழி, ஓடிபி என்று வேறு வழி இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். கடைக்கு நடக்கவே முடியாத முதியவர், மாற்றுத்திறனாளி என்றால், அவர்களுக்காக வாங்க வேறொருவரை நியமிக்கும் அங்கீகாரச் சான்றையும் அதே முகாமில் கேட்கலாம். கடைக்காரர் தானாகச் சொல்வார் என்று மட்டும் காத்திருக்காதீர்கள்.

வாங்காத பொருளுக்கு எஸ்எம்எஸ் வந்தால் அழிக்காமல் வைத்துக்கொண்டு 1967க்கு அடியுங்கள். புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். அப்புறம் பாருங்கள், "என்கிட்டயே சொல்லியிருக்கலாமேம்மா" என்று பருப்பு வந்துவிடும். வாங்கிக்கொள்ளுங்கள், அதற்காகப் புகாரைத் திரும்பப் பெற வேண்டியதில்லை.