ஹெல்மெட் போடவில்லை என்றால் இழப்பீடு கிடையாதா?

கட்டட வேலையில் சாரத்திலிருந்து ஒருவர் விழுந்தால் மேஸ்திரி முதலில் சொல்வது, "பெல்ட் போடச் சொன்னோம், அவர்தான் கேட்கலை." அதற்கு ஆதாரமாக ஒரு நோட்டையும் நீட்டுவார்கள். காலையில் வரிசையாக நிற்க வைத்து வாங்கிய கையெழுத்துகள். பல சைட்டுகளில் பாதுகாப்புப் பயிற்சி என்பதே அந்தக் கையெழுத்துதான். பெல்ட் இருக்காது, இருந்தாலும் கொக்கியை மாட்ட ஒரு கயிறு கட்டியிருக்க மாட்டார்கள்.

அந்த நோட்டுக்குப் பயப்படாதீர்கள். வேலையில் அடிபட்டால் முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்பது 1923இல் வந்த சட்டம். இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் இருக்கிறது. இ.எஸ்.ஐ. இல்லாத தினக்கூலிக்கும் உண்டு. உயிர் போனாலோ, நிரந்தர முழு ஊனம் ஆனாலோ "விதியை மீறினார்" என்ற பேச்சே எடுபடாது. மற்ற காயங்களிலும், வேண்டுமென்றே மீறினார் என்று அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

"ரெண்டு நாள் வேலைக்கு வந்த ஆள்" என்பதும் செல்லாது. கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இல்லையே என்பார்கள்; வாரிய உதவி வேறு, இது வேறு. காண்டிராக்டர் கையை விரித்தால், அவரிடம் வேலையைப் பிரித்துக் கொடுத்த பில்டரைக் கேட்கலாம்.

பெரும்பாலோர் கோட்டை விடுவது ஆஸ்பத்திரியில்தான். "பைக்கில் விழுந்ததாகச் சொல்லுங்க, செலவை நாங்க பார்த்துக்கிறோம்" என்பார்கள். ஏ.ஆர். காப்பியில் (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல்) அப்படி ஏறிவிட்டால் அப்புறம் மாற்றுவது பெரும்பாடு. எந்த சைட், எத்தனையாவது மாடி, என்ன வேலை என்று டாக்டரிடம் சொல்லி எழுதவையுங்கள்.

இறந்தவர் வீட்டுக்கு 2 லட்சத்தோடு வந்து முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்குவது அடுத்த வேலை. இழப்பீட்டைக் கணக்கிட 2020இல் நிர்ணயித்த மாதக் கூலி வரம்பு ரூ.15,000. அந்தக் கூலி வாங்கிய 30 வயதுக்காரர் இறந்தால் சட்டப்படி வருவது ரூ.15,59,850. அதைத் தொழிலாளர் துறையின் இழப்பீட்டு ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். நேராகக் கையில் கொடுத்துவிட்டு "கணக்கு முடிந்தது" என்று சொல்ல முடியாது.

மனு போட 2 வருடம் அவகாசம். சென்னையில் விழுந்தவர் ஊர் திண்டுக்கல் என்றால் திண்டுக்கல்லுக்கான ஆணையரிடமே போடலாம். "விபத்து நடந்த இடத்துக்குப் போங்க" என்று திருப்பி அனுப்பினால், அதை எழுத்தில் கேளுங்கள். பல நேரம் அதோடு மனுவை வாங்கிக்கொள்வார்கள். கூலிக்குச் சீட்டு இருக்காது. மேஸ்திரி அனுப்பிய ஜிபே பதிவு, அவருடைய ஆள்கணக்கு நோட்டின் போட்டோ, கூட வேலை செய்தவர் இருவரின் போன் நம்பர், இவற்றை அன்றைக்கே எடுத்து வையுங்கள். ஒரு வாரம் போனால் அந்த ஆட்கள் வேறு சைட்டுக்குப் போயிருப்பார்கள்.