ஆயிரம் முறை பழகிய தடுப்பு அடிதடியில் ஏன் வருவதில்லை?

தற்காப்புக் கலை பழகும் ஒருவர், குத்தைத் தடுக்கும் அசைவைப் பயிற்சிக்கூடத்தில் ஆயிரம் முறை செய்திருப்பார். எதிரில் நிற்பவர் வலது கையால்தான் குத்துவார் என்று முன்பே தெரியும். மாஸ்டர் "ஒன்று" என்றதும் குத்து வரும், தடுப்பும் போகும். அதே ஆள் ஒரு நாள் நிஜச் சண்டையில் மாட்டிக்கொள்கிறார். கை எழவே இல்லை. எழுந்தாலும், அடி விழுந்த பிறகுதான் எழுகிறது.

பயந்துவிட்டார் என்று சொல்லிவிடலாம். அது பாதி உண்மை. ஆபத்து என்று மூளை முடிவுகட்டியதும் அட்ரினல் சுரப்பி அட்ரினலினைக் கொட்டுகிறது. இதயம் விரைகிறது, ரத்தம் பெரிய தசைகளுக்குப் பாய்கிறது. சண்டைக்கோ ஓட்டத்துக்கோ உடம்பு இப்படித் தயாராவதை அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-லேயே விவரித்துவிட்டார். தள்ளவும் இழுக்கவும் ஓடவும் இது நல்ல ஏற்பாடு. ஆனால் விரல் நடுங்கும். மணிக்கட்டைப் பிடித்து நுணுக்கமாகத் திருகும் பிடிகள் நழுவும். கவனம் எதிராளியின் முகத்திலோ கையிலோ ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் இன்னொருவன் வருவது தெரியாது. யோசித்துத் தேர்ந்தெடுக்கும் முன்மூளைப் பகுதியும் இந்த வெள்ளத்தில் மந்தமாகிவிடும்.

இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 115-ஐத் தாண்டினால் நுணுக்கத் திறன் போய்விடும் என்று ஒரு கணக்கு பலரிடம் சுற்றுகிறது. அதை அப்படியே நம்ப வேண்டாம். படியேறி ஓடியும் அந்தத் துடிப்பை எட்டலாம். கை அதற்காகத் தடுமாறிவிடாது. ஓட்டத்தில் ஏறும் துடிப்பும் அச்சத்தில் ஏறும் துடிப்பும் ஒன்றல்ல.

சரி, மீதிப் பாதி எங்கே?

கண்ணில் பட்டதற்குக் கை அசைய, எளிய சோதனையிலேயே சுமார் 0.2 விநாடி ஆகிறது. பதில்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் நேரம் இன்னும் கூடும். பிரிட்டிஷ் உளவியலாளர் வில்லியம் எட்மண்ட் ஹிக் 1952-ல் இதை அளந்து காட்டினார். கைக்கெட்டும் தூரத்திலிருந்து வரும் வேகமான குத்து அதுவரை காத்திருக்காது. அப்படியானால் தேர்ந்த குத்துச்சண்டை வீரர் எப்படி விலகுகிறார்? அவர் குத்தைப் பார்த்து விலகுவதில்லை. குத்துக்கு முன்னால் தோள் இறங்குவதையும் இடுப்பு திரும்புவதையும் எடை ஒரு காலுக்கு மாறுவதையும் பார்த்து, பாதி ஊகத்திலேயே நகரத் தொடங்குகிறார்.

எண்ணிக்கை சொல்லிச் செய்யும் பயிற்சியில் இந்தத் துப்புகளைப் படிக்க வேண்டிய தேவையே இல்லை. மூளை தடுப்பை மட்டும் தனியாகக் கற்பதில்லை, எதைக் கண்டால் அதைச் செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்தே கற்கிறது. நம்மவர் விஷயத்தில் அந்த "எது", மாஸ்டரின் குரல். அடிதடியில் யாரும் "ஒன்று" சொல்வதில்லை.

ஜப்பானில் கானோ ஜிகோரோ 1882-ல் ஜூடோவைத் தொடங்கியபோது, ஆபத்தான அடிகளை, முன்பே வகுத்த அசைவுகளை அப்படியே செய்யும் வடிவப் பயிற்சியோடு நிறுத்திக்கொண்டார். மற்றவற்றை, எதிர்த்து நிற்கும் ஆளிடம் முழு பலத்தோடு செய்து பார்க்கும் ரண்டோரியில் வைத்தார். வேடிக்கைதான்: கண்ணைக் குத்துவதை யாரிடமும் முழுசாகப் பழக முடியாது, தூக்கி எறிவதைத் தினமும் பழகலாம். கொடூரமான உத்தியை விட, எதிர்ப்பவரிடம் நூறு முறை தோற்றுக் கற்ற சாதாரண உத்திதான் கைகொடுக்கும் என்பது என் கட்சி.

அச்சத்தையும் பயிற்சிக்குள் கொண்டுவரலாம். நெதர்லாந்தில் ரவூல் ஔடயான்ஸ் என்ற ஆய்வாளர் போலீசாரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2008-ல் வெளியிட்டார். ஒரு குழு அட்டை இலக்குகளைச் சுட்டுப் பழகியது. இன்னொரு குழு, பயிற்சித் தோட்டாவால் திருப்பிச் சுடும் ஆட்களிடம் பழகியது. பிறகு நெருக்கடியில் சோதித்தபோது அட்டைக் குழுவின் குறி சரிந்தது, மற்றவர்களின் குறி நிலைத்தது. அவர்கள் பதற்றத்தோடேயே சுடக் கற்றிருந்தார்கள்.

இருவர் மோதிப் பழகும் ஸ்பாரிங்கிலும் ஓர் ஓட்டை உண்டு. எப்போது தொடங்கும் என்று அங்கே இருவருக்கும் தெரியும். வெளியில் பேச்சுக்கு நடுவிலேயே கை வரும். அப்போது யாரும் கற்றுக்கொடுக்காத ஒன்றை உடம்பு செய்கிறது: கண் மூடும், தலை தோளுக்குள் இறங்கும், இரு கைகளும் முகத்துக்கு முன்னால் வரும். இதைச் சில பயிற்சியாளர்கள் திருத்தப் பார்ப்பதில்லை. கை வந்து நிற்கும் அந்த இடத்திலிருந்தே தடுப்பையும் தள்ளலையும் தொடங்கச் சொல்கிறார்கள்.